பூப்பங்கு

பாகம் பிரித்த அன்று அக்காவுக்கு வந்து சேர்ந்தவை எட்டு மரங்கள். எட்டும் ஆண் மரங்கள். தம்பிக்கு மேட்டுத் தோட்டம் முழுவதும், குடியிருந்த வீடு, உலர்த்தும் அறை, தரம் பிரிக்கிற கொட்டகை எல்லாம் போயின. அக்காவுக்குக் கீழே ஓடையோரமாக ஒரு நீளப் பட்டை நிலம், அதன் முனையில் ஓட்டை உடைசல் போட்டு வைத்திருந்த சாமான் அறை, அப்புறம் இந்த எட்டு மரங்கள். சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "உங்களுக்கும் மரம் இருக்கும்மா, வெறும் நிலம்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். தம்பி மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது முதுகு குலுங்கியதிலேயே தெரிந்தது.

சாதிக்காய் மரத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இது எத்தனை பெரிய அநியாயம் என்று விளங்காது. அநேகமான செடிகள் ஒரே பூவுக்குள் மகரந்தத்தையும் சூலகத்தையும் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திவிடும். சாதிக்காய்க்கு அந்தச் சமர்த்து கிடையாது. ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ வேறு மரத்தில். அதையாவது முன்கூட்டிச் சொல்லுமா என்றால், மூச்! விதை முளைத்து, ஆறேழு வருஷம் தண்ணீரும் எருவும் தின்று, ஆளுக்கு மேலே வளர்ந்து, முதல் பூ விரிகிற அன்றைக்குத்தான் ஆணா பெண்ணா என்றே தெரியும். அதுவரை இலையைப் பார்த்துச் சொல்கிறேன், வேரைப் பார்த்துச் சொல்கிறேன் என்பவன் எல்லாம் புளுகன்.

பூவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் வெளிறிய மஞ்சளில் குட்டிக் குட்டி மணிகள். ஆண் பூ கொத்தாகத் தொங்கும். கிள்ளிப் பிரித்தால் நடுவில் ஒரு தூண், அதைச் சுற்றி மகரந்தப் பைகள், அவ்வளவுதான். பெண் பூ ஒன்று இரண்டாக நிற்கும். வயிறு கொஞ்சம் உப்பியிருக்கும். அந்த வயிற்றுக்குள் ஒரே ஒரு சூல். அந்தியில் பொடி வண்டுகள் ஆண் பூவிலிருந்து தூளை அப்பிக்கொண்டு போய்ப் பெண் பூவின் முனையில் தேய்த்துவிட்டால், அந்தச் சூல் விதையாகும், வயிறு காயாகும். தூள் வராத பூ மூன்று நாளில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். தூளைக் கொடுத்த ஆண் மரமோ, வாழ்நாள் முழுக்கப் பூத்துப் பூத்து ஒரு காயையும் கண்ணால் காணாது.

அப்பா இருந்தபோது, பூ விரிந்து ஆண் என்று தெரிந்த மரத்தை எல்லாம் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டி விறகாக்கினார். ஓடையோரத்தில் மட்டும் எட்டை விட்டுவைத்தார். தூளுக்கு அது போதும் என்பது அவர் கணக்கு. ஆக, காய்க்காத மரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றது தற்செயல் அல்ல. அந்த இடம் அக்காவின் பாகத்தில் விழுந்ததும் தற்செயல் அல்ல.

பாகம் கேட்டது அக்காதான், அதையும் மறைக்கக் கூடாது. அப்பா படுத்த படுக்கையான பிறகு தோட்டத்தை நடத்தியது அவள். தம்பிக்குக் கல்யாணம் பண்ணி வைத்ததும் அவள். தனக்குப் பார்த்த மாப்பிள்ளைகளை அவளே திருப்பி அனுப்பிவிட்டாள். "ஒருத்தன் தோட்டத்தையே பார்த்துட்டிருந்தான், இன்னொருத்தன் தட்டையே பார்த்துட்டிருந்தான். ரெண்டு பேருமே என்னைப் பார்க்கல" என்பாள். நாக்கு அப்படி. அதே நாக்கு தம்பி மனைவியிடமும் சும்மா இருக்கவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஆரம்பித்த சண்டை, "எங்கப்பா தோட்டத்துல எனக்கும் பங்கு உண்டு, பிரிச்சு வைங்க" என்பதில் போய் முடிந்தது. தம்பி மென்மையானவன். மென்மையானவர்கள் செய்கிற அநியாயம் வெளியே தெரியாது. அவன் சத்தம் போடவில்லை, மறுக்கவில்லை. பிரித்து வைத்தான். எட்டு மரம் கொடுத்தான்.

"எட்டு மாப்பிள்ளையும் உங்களுக்கே அண்ணி" என்று தம்பி மனைவி சொன்னதை வேலையாட்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அக்கா அந்த ஒரு வாரமும் சாமான் அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்த மறுநாள் காலை, வியாபாரி சரக்கெடுக்க வந்திருந்த நேரம் பார்த்து, கோடாலியை எடுத்துக்கொண்டு போய் முதல் மரத்தடியில் நின்றாள். மரம் பூத்து நின்றது. ஓங்கி ஒரு போடு போட்டாள். பட்டை பிளந்து சாறு கசிந்தது. சத்தம் கேட்டு மேட்டிலிருந்து எல்லோரும் இறங்கி ஓடிவந்தார்கள்.

"அக்கா, என்ன பண்ற?" தம்பிக்கு மூச்சு வாங்கியது.

"என் மரம், என் கோடாலி. உனக்கென்னடா?"

"அது இல்லேன்னா என் தோட்டம் காய்க்காதுக்கா!"

"அடேங்கப்பா! இப்பத் தெரியுதா? ஒண்ணுத்துக்கும் ஆகாத மரம்னுதானே என் தலையில கட்டின? ஆகாத மரம் இருந்தா என்ன, போனா என்ன?"

வியாபாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் பல தோட்டம் பார்த்தவர். "தம்பி, அக்கா கேக்கறது நியாயம்தான். பூ அவங்களது, காய் உங்களது. ஒரு பங்கு பேசி முடிச்சுக்கோங்க" என்றார். அங்கேயே பேசி முடித்தார்கள். ஒவ்வொரு அறுவடையிலும் பத்துக்கு ஒரு கூடை அக்காவுக்கு. எந்தக் கூடை என்பதை அவளே பொறுக்குவாள். அதற்குப் பூப்பங்கு என்று பெயர் வைத்ததும் அவளே. அவளுக்குக் கோடாலியக்கா என்று பெயர் வந்தது அன்றைக்குத்தான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, உள்ளூரப் பெருமை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் அவளுடைய பொற்காலம் என்றே சொல்லலாம். அறுவடை நாளில் கொட்டகைக்கு ஏறிப் போவாள். தோல் உரித்து, கொட்டை மேல் வலையாகப் படர்ந்த சிவப்புப் பத்திரியைக் கிழியாமல் தனியே எடுத்து, கொட்டையைத் தனியே குவித்திருப்பார்கள். வரிசையாக நிற்கும் கூடைகளில் ஒவ்வொன்றாகக் கையை விட்டு அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்ப்பாள். மேலே பெருங்காயும் அடியில் பொடிக்காயும் போட்டு ஏமாற்றுகிற வித்தை அவளிடம் பலிக்காது. தம்பி மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். யாராவது தெரியாத்தனமாக, "தம்பி உங்களுக்கு நல்லாத்தான் குடுத்து உதவுறாரு" என்று சொல்லிவிட்டால் போச்சு. "யார் குடுக்கறா? எவன் சொன்னான் குடுக்கறான்னு? பங்குய்யா! என் மரத்துத் தூள் இல்லாம அங்க ஒரு காய் தொங்குமா? நீயே போய்க் கேளு" என்று ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். கூடை பெரிதா சின்னதா என்பது அவளுக்கு அப்புறம். பங்கு என்ற சொல்தான் அவளுக்குச் சோறு. கைநீட்டி வாங்கித் தின்கிறவள் என்று ஒருத்தர் நினைத்துவிட்டால் அந்த ராத்திரி அவளுக்குத் தூக்கம் இல்லை.

தம்பிக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். கல்லூரிக்குப் போன பிறகும் பாப்பாதான். அந்த வீட்டில் அக்காவைத் தேடி இறங்கி வருகிற ஒரே ஆள் அவள். "அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து, கேட்காமலேயே பானையைத் திறந்து பார்த்து, இருப்பதைத் தின்றுவிட்டு, அத்தையின் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். கோடாலியக்காவின் நாக்கு அவளிடம் மட்டும் சுருண்டு கிடக்கும். "ஏண்டி கழுதை, உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என் தலையை உருட்டுவாடி" என்பாள். சொல்லும்போதே முகம் மலர்ந்திருக்கும்.

பாப்பா படித்தது செடி வளர்ப்புப் படிப்பு. ஒரு நாள் கைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, ஆண் பூவைப் பிளந்து அதன் அடியில் வைத்துக் காட்டினாள். தூண் முழுக்க நீள நீளமாகப் பைகள், பைகளின் வெடிப்பில் மாவு மாவாகத் தூள்.

"ஒவ்வொரு பொடியும் ஒரு உசுரு மாதிரி அத்தை. பெண் பூ மேல விழுந்ததும் முளைக்கும். நூல் மாதிரி ஒரு குழாய் விட்டு உள்ள இறங்கும், சூல் வரைக்கும் போகும்."

"அதைத்தான் நான் இத்தனை வருஷமா கத்திட்டிருக்கேன். என் மரம் இறங்கினாத்தான் உங்கப்பன் மரம் ஏறும்."

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அத்தை, எனக்கு ஒட்டுக் கட்டிப் பழகணும். உங்க மரத்துல கொஞ்சம் குச்சி வெட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

கேட்டது பாப்பா. வேறு யார் கேட்டிருந்தாலும் கோடாலியக்கா எதற்கு, எங்கே, யாருக்கு என்று துளைத்து எடுத்திருப்பாள். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. தானே ஏணி வைத்து ஏறினாள். எட்டில் மூன்றாவது மரம்தான் அதிகம் பூக்கிற மரம். அதன் இலை ஓரம் லேசாக நெளிந்திருக்கும். அதில் நிமிர்ந்து வளர்ந்த, பென்சில் கனத்துக் குச்சிகளாகப் பார்த்துப் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, "நல்லதாப் பொறுக்கித் தந்திருக்கேன், வீணாக்கிடாதடி" என்று கையில் கொடுத்தாள். பாப்பா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

ஒட்டு என்றால் ஒன்றும் மாய மந்திரம் இல்லை. ஒரு மரத்தின் கிளையைத் தறித்து, அந்த இடத்தைக் கீறி, வேறு மரத்தின் குச்சியைச் சீவிச் செருகி, இறுக்கக் கட்டிவிடுவது. பிடித்துக்கொண்டால், அந்தக் குச்சி மட்டும் தன் பழைய மரமாகவே கிளைத்து வளரும், பூக்கும். பெண் மரத்தில் ஆண் குச்சியை ஒட்டினால் அந்த ஒரு கிளையில் ஆண் பூ வரும். அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் அதைச் செய்து பார்க்கவில்லை. ஆண் மரம்தான் கீழே நிற்கிறதே, எதற்கு மெனக்கெட வேண்டும்? கோடாலியக்காவின் மூளைக்கும் அது எட்டவில்லை. மேட்டுத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு, சாலையோரத்துக்கு, அவள் போவதும் இல்லை. முழங்கால் வலி. கொட்டகை வரைக்கும் ஏறுவதே பெரும்பாடு.

குச்சி கொடுத்த மூன்றாம் வருஷ அறுவடையில் கொட்டகைக்குப் போனபோது அவள் பொறுக்குவதற்குக் கூடைகளின் வரிசை இல்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வியாபாரியின் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். வாசலில் ஒரு சாக்கு தனியாக நின்றது.

"எங்கே கூடை?" என்று கேட்டாள்.

"கூடைக் கணக்கெல்லாம் இனிமே எதுக்கு அண்ணி?" தம்பி மனைவி வியாபாரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்களுக்குன்னு ஒரு சாக்கு எடுத்து வெச்சிருக்கோம். கூடப் பொறந்தவங்கங்கற ஒரு மனசுலதான். எடுத்துட்டுப் போங்க."

"மனசா? யார் மனசு? என் பங்கை எனக்குக் குடுக்க உன் மனசு எதுக்கும்மா?"

வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வியாபாரி வண்டிக் கயிற்றில் இல்லாத முடிச்சைச் சரிபார்த்தார். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி வந்து அவள் கையைப் பிடித்தான். "வாக்கா, காட்றேன்" என்று மெல்லமாகச் சொன்னான்.

சாலையோரத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே நான்கைந்து பெண் மரங்கள், காயும் பூவுமாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி இருந்தது. இலை ஓரம் நெளிந்திருந்தது. கொத்துக் கொத்தாக மஞ்சள் மணிகள் தொங்கின. கோடாலியக்காவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவளுடைய மூன்றாவது மரம்.

"போன வருஷமே நல்லாப் பூத்துடுச்சுக்கா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"போன வருஷம் கூடை குடுத்தியே?"

"குடுத்தேன். உனக்கு எப்பவும் குடுப்பேன்கா. நான் இருக்கற வரைக்கும் உன்னை விட்டுடுவேனா?"

அவன் நிஜமாகத்தான் சொன்னான். கண்கூடக் கலங்கியிருந்தது. அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். திட்டியிருந்தால் ஏழு தலைமுறையை இழுத்திருப்பாள். இதற்கு என்ன செய்வது? போன வருஷம் கொட்டகையில் நின்று, கையை விட்டுக் கிளறி, இது வேண்டாம் அது வேண்டும் என்று அதிகாரம் பண்ணிப் பொறுக்கிய கூடை அவளுக்கு ஞாபகம் வந்தது. அது பங்கே இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பாப்பா சாயங்காலம் இறங்கி வந்தாள். வழக்கம்போல் பானையைத் திறக்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அத்தை, கோவமா?"

"பழகறதுக்குன்னு கேட்டியே, நல்லாப் பழகிட்டியா?"

"உங்க மரமெல்லாம் தாத்தா நட்டது. வயசாயிடுச்சு அத்தை. ரெண்டு மரம் உள்ள பொத்தலாக் கிடக்கு. ஒரு காத்தடிச்சா என்ன ஆகும்? நேராக் கேட்டிருந்தா நீங்க குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

"அதானா? அதானாடி? என் காதுல பூ சுத்தறதுக்கு உனக்கு என் மரத்துப் பூவேதான் கெடச்சுதா?" குரல் உடைந்துவிட்டது. பாப்பாவின் எதிரில் கோடாலியக்கா அழுததே இல்லை. அன்றைக்கு அழுதாள். "உங்கப்பன் ஏமாத்தினான், தாங்கினேன். உங்கம்மா சிரிச்சா, தாங்கினேன். நீ கேட்டேன்னு ஏணி போட்டு ஏறினேனேடி..."

பாப்பாவும் அழுதாள். ஆனால் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவள் கணக்கில் அது தப்பில்லை. தோட்டம் பிழைக்க வேண்டும், அத்தையும் பட்டினி கிடக்கக் கூடாது. இரண்டுக்கும் வழி பண்ணியாகிவிட்டது. அத்தைக்கு வேண்டியது அது இல்லை என்பது அந்தப் படித்த தலைக்கு ஏறவே இல்லை.

மறுநாள் கோடாலியக்கா மரம் அறுக்கிறவரைக் கூட்டிவந்தாள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, இப்படிப் பூத்து நிக்குதே?" என்றார். "அறுக்க வந்தீங்களா, பூப்பறிக்க வந்தீங்களா?" என்று ஒரு கத்து கத்தினாள். ரம்பம் ஓடத் தொடங்கியது. அவள் மேட்டைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஓடிவரட்டும். முன்பு வந்தார்களே, அந்த மாதிரி மூச்சிரைக்க வந்து காலில் விழட்டும். முதல் மரம் சாய்ந்தது. இரண்டாவது சாய்ந்தது. தம்பி வீட்டுச் சமையலறையிலிருந்து புகை வந்தது, பாத்திரச் சத்தம் கேட்டது. மூன்றாவது மரத்தை அறுக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரம் நிறுத்தச் சொன்னாள். யாரும் வரவில்லை. பிறகு அதையும் அறுத்துவிடச் சொன்னாள்.

அந்த வருஷம் முழுக்க அவள் ஒன்றுக்காகவே காத்திருந்தாள். மேட்டில் பூ பழுப்பேறி உதிரும், கிளைகள் மொட்டையாக நிற்கும், நாலு ஒட்டுக் கிளையின் தூள் அத்தனை மரத்துக்கும் எங்கே போதும் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள். மேட்டில் காய் வைத்தது. வழக்கம்போல் வைத்தது. வழக்கத்துக்கு ஒன்றிரண்டு கூடவே வைத்தது என்றும் வேலையாட்கள் பேசிக்கொண்டார்கள். ஓடைப்பக்கம் உருண்டு வந்த ஒரு காயை எடுத்துப் பிளந்து பார்த்தாள். சிவப்பு வலை போர்த்திய கொட்டை. அதில் பாதி தாய் மரம், பாதி தூள் கொடுத்த மரம். தூள் கொடுத்த மரம் அவளுடையதுதான். அவள் வெட்டிப் போட்ட மரம் மேட்டிலே உயிரோடு இருந்து, தலைமுறை தலைமுறையாகக் காய்க்க வைத்துக்கொண்டிருக்கும். அவள்தான் தேவையில்லை. "ஒரு காயாவது குறைஞ்சிருக்கக் கூடாதா, பாவி மரமே" என்று அந்த விறகுக் குவியலைப் பார்த்துத் திட்டினாள்.

தம்பி அனுப்புகிற சாக்கு அறுவடைக்கு அறுவடை வாசலில் வந்து நிற்கும். முதல் சாக்கை மழையில் நனைய விட்டுப் பூசணம் பிடிக்க வைத்தாள். அடுத்ததைத் திருப்பி அனுப்பினாள். மறுபடி வந்தது, அவள் தொடவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வியாபாரியின் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். நாள் முழுக்க மேசை முன்னால் உட்கார்ந்து, கொட்டையைக் காதருகே குலுக்கி, உள்ளே பருப்பு கலகலத்தால் காய்ந்தது, சத்தமில்லாவிட்டால் ஈரம் என்று பிரித்துப் போட வேண்டும். அதில் பாதி தம்பி தோட்டத்துச் சரக்கு. அதையும் குலுக்கினாள்.

சேர்த்த காசில், வெறுமையாகிப் போன பட்டை நிலத்தில் எட்டுக் குழி வெட்டினாள். பாப்பா வேலைக்குச் சேர்ந்திருந்த நர்சரிக்கே போய், மற்றவர்களோடு வரிசையில் நின்று, பெண் மரத்து ஒட்டுக் கன்றாக எட்டு வாங்கினாள். பாப்பா உள்ளேயிருந்து பார்த்தாள். கிட்டே வரத் துணியவில்லை. கன்று எடுத்துக் கொடுத்தவர், "ஒரு ஆண் கன்னும் வாங்கிக்கோங்கம்மா, இல்லேன்னா காய்க்காது" என்றார். "ஆண் மரத்துக்கு என் மண்ணுல இனிமே இடமில்ல" என்றாள். வீம்பில் சொன்னதுதான். பக்கத்திலேயே தம்பி தோட்டம் இருக்கிறது, தூள் தானாக வரும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதை நினைக்கப் பிடிக்கவில்லை, நினைக்கவில்லை.

கன்றுகள் பிடித்தன, வளர்ந்தன, பூத்தன, காய்த்தன. முதல் நல்ல அறுவடையில் அவளே உட்கார்ந்து உரித்து, அவளே காயவைத்து, கூடைகளில் நிரப்பினாள். மொத்தம் பத்துக் கூடை தேறியது. பத்தாவதை நிரப்பும்போது அவள் கை நின்றுவிட்டது.

யாருடைய தூள் இது? குச்சி இவளுடையதுதான், ஆனால் நிற்பது தம்பி மரத்தில், தம்பி மரத்துத் தூள். பூ அவனுடையது, காய் இவளுடையது. அப்படியென்றால் பத்துக்கு ஒன்று அவனுக்குப் போக வேண்டும். அவன் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டான். கொடுக்காமல் இருந்துவிடலாம். ஆனால் கொடுக்க வேண்டியதில்லை என்றால், தூளுக்குப் பங்கு என்று ஒன்று உலகத்தில் இல்லை என்றால், அத்தனை வருஷம் கொட்டகைக்கு ஏறிப் போய், அதட்டிப் பொறுக்கி, தலைநிமிர்ந்து வாங்கிவந்தாளே, அதற்கெல்லாம் என்ன பெயர்? அவள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கவும் பயந்தாள். கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, முழங்காலைக் கையால் அமுக்கியபடி மேட்டில் ஏறினாள்.

கொட்டகையில் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்து பத்திரி பிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கும் நரைத்துவிட்டது. கூடையைக் கண்டதும் எழுந்து வந்து கைகொடுத்து இறக்கினான்.

"என்னக்கா இது? விக்கணுமா? வியாபாரிகிட்ட சொல்லட்டுமா?"

"உன் பங்கு."

"என்ன பங்கு?"

"உன் மரத்துத் தூள்லதானே என் மரம் காய்ச்சது? பத்துக்கு ஒண்ணு. பொறுக்கின கூடைதான். வேணும்னா அடியில கை விட்டுப் பாரு."

தம்பி சிரித்தான். நல்ல சிரிப்புதான், விஷமம் இல்லை. "போக்கா நீ வேற! உன்கிட்டப் போய் நான் பங்கு வாங்குவேனா? எடுத்துட்டுப் போய் வித்து நல்லதா நாலு துணி எடுத்துக்கோ."

"வாங்கிக்கோடா."

"வேணாம்க்கா."

"அட, நாந்தான் குடுக்கறேனே, வாங்கிக்கோயேன். வேணாம்னு சொல்லாத." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரையே அதட்டிய குரல் கெஞ்சியது. "தூக்கிக் கொட்டினாலும் கொட்டு. பங்குன்னு சொல்லிட்டு வாங்கிக்கோ. ஒரே ஒரு தடவை சொல்லு."

தம்பி புரியாமல் மனைவியைப் பார்த்தான். அவள் பத்திரியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "சொல்லித் தொலைங்களேன். வயசானவங்க, ஆசைப்படறாங்க" என்றாள்.

"சரிக்கா, பங்கு" என்றான் தம்பி. "பங்குதான். போதுமா?"

போதும் என்று அவள் தலையாட்டினாள். வெறுங்கையோடு கீழே இறங்கிப் போனாள்.